தொந்தரவு இல்லையென்றால்

எல்ம் கிரீக், அயோவா
8 அக்டோபர் 1962

ஆண்டவரோட நிழல்ல இருக்கிற மார்லா கண்ணுக்கு, அத்தை ஆர்டிஸ் எழுதிக்கிறது. இங்க நான் சுகம். மெர்ல் மாமாவுக்கு முட்டி வலி, ஆனா சோளம் அறுத்து முடியிற வரைக்கும் அதையும் சுகம்னுதான் சொல்லணுமாம். நீயும் மாப்பிள்ளை டெல்பர்ட்டும் எப்படி இருக்கீங்க? சாமானெல்லாம் உடையாம வந்து சேந்துச்சா?

சிகாகோல எலிப்பொந்து மாதிரி ஒத்தை அறைக்குக் கொட்டிக் குடுத்ததுல பாதி வாடகைக்கு இப்ப முழு மாடி வீடே கிடைச்சிருக்கு. எல்லாம் அவர் கிருபை. கொஞ்சம் என் வாயும் காரணம்னு வச்சுக்கோ. "எங்கண்ணன் மக, தாய் தகப்பன் இல்லாத பொண்ணு, புருஷனுக்குக் கேல்ஸ்பர்க் ரயில்வேல வேலை மாத்தியிருக்கு"ன்னு போதகரம்மாகிட்ட ஆராதனை முடிஞ்சு காப்பி ஊத்துறப்பல்லாம் சொல்லிட்டே இருந்தேன். கடைசில அவங்களே, "ஆர்டிஸ், போதும்மா, என் சித்தப்பா மகன் ஹெட்லண்ட் அந்த ஊர்லதான் இருக்கார், அவர் வீட்டு மாடி காலி"ன்னுட்டாங்க.

ஹெட்லண்ட் பொண்டாட்டியப் பறிகொடுத்த மனுஷன். தங்கமானவர். கீழ் வீட்லயே இருக்கார்ல, அதனால ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. இது ஆடுது, அது ஒழுகுதுன்னு அவர் முன்னாடி போய் நிக்காதே. என் முகத்துக்காகக் குறைச்ச வாடகை. நம்ம வீட்டுப் பொண்ணுங்க யாருக்கும் தொந்தரவு குடுத்ததில்ல.

குளிர்காத்து வராம ஜன்னலுக்கு அடிக்கிற பிளாஸ்டிக் ஒரு சுருளும், மாமா அறுத்துக் குடுத்த மரச்சட்டமும் பார்சல்ல வருது. பனி விழறதுக்குள்ள அடிச்சிருங்க. ஊசி நுழையக் கூட இடம் விடாதே.

எதுனாலும் கடுதாசி போடு. போன் வேணாம். எட்டு வீட்டுக்கும் சேத்து ஒரே போன் லைன், எவ வீட்டு மணி அடிச்சாலும் பக்கத்து வீட்டு கிளாடிஸ் ரிசீவரைத் தூக்கி ஒட்டுக் கேப்பா. அவ வீட்டுக் கடிகாரம் டிக்கு டிக்குங்கிறது என் காதுல கேக்குது.

இன்னொரு விஷயம், உனக்கே தெரியும். புதன்கிழமைப் பொம்பளைங்க கூட்டத்துல உன் பேரைச் சொல்லாம ஜெபம் முடியறதில்ல. கல்யாணமாகி ஆறு வருஷம். இந்த வீட்லயாவது தொட்டில் ஆடட்டும்.

எந்நேரமும் உன் நினைப்பா இருக்கிற,
அத்தை ஆர்டிஸ்

*

கேல்ஸ்பர்க், இல்லினாய்
30 அக்டோபர் 1962

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் இருவரும் நலம். மாமாவின் முட்டி எப்படி இருக்கிறது? அறுப்பு முடிந்ததா?

பார்சல் வந்தது. டெல்பர்ட் இரண்டு நாள் விடுப்பில் இருந்தபோது எல்லா ஜன்னலுக்கும் பிளாஸ்டிக் அடித்துவிட்டார். அன்றிலிருந்து காற்றின் சத்தமே இல்லை. ரயில்கள் போகும்போது மட்டும் தட்டுகள் அலமாரியில் நடுங்குகின்றன. இந்த ஊரில் யாரும் அதைக் கவனிப்பதே இல்லை. பேச்சை நிறுத்தி, ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். எதிர்வீட்டு அம்மாள் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரத்தோடு வந்து, என் பெயரைக் கேட்பதற்கு முன்பே, "எந்தச் சபைம்மா?" என்று கேட்டார். லுத்தரன் என்றதும், "பரவால்ல, அதுக்காகப் பலகாரத்தைத் திருப்பி எடுத்துட்டுப் போக மாட்டேன்" என்றார். அவர் மெதடிஸ்டாம்.

எனக்கு மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் நூல், பொத்தான் விற்கும் வேலை கிடைத்திருக்கிறது.

போன வாரம் கியூபாவில் ரஷ்யா ஏவுகணை வைத்த செய்தியை ரேடியோவில் கேட்டுக்கொண்டே ஊர் முழுக்க நடுங்கியது, அங்கேயும் அப்படித்தான் இருந்திருக்கும். ஹெட்லண்ட் ஐயா நிலவறையில் பதுங்க இடம் செய்துவிட்டார். அங்கிருக்கும் குட்டி ஜன்னல்களையெல்லாம் மண் மூட்டை வைத்து அடைத்து, கட்டில் போட்டு, மாடிக்கு வந்து சொன்னார்: "குண்டு விழுந்தா கதவைத் தட்டிட்டு நிக்காதீங்கம்மா, நேரா கீழ வந்துருங்க. பீன்ஸ் டப்பா நிறைய இருக்கு. பீன்ஸ் பிடிக்காதுன்னா இப்பவே சொல்லிருங்க." குண்டு விழவில்லை. ஆனால் மூட்டைகளை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. சூடு வெளியே போகாமல் இருக்குமே என்கிறார். வீடு முழுவதற்கும் சூடு தரும் கேஸ் அடுப்பு அந்த நிலவறையில்தான் இருக்கிறது.

நேற்று படியில் பார்த்து, "மேல குளிருதாம்மா?" என்றார். பல் கிட்டிக்கொண்டிருந்தது. "ஐயோ, இல்லைங்க, இதமா இருக்கு" என்றேன். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள்.

இரண்டு நாளாக லேசாகத் தலைவலி. பழைய வீட்டு வாசனையாக இருக்கும்.

மாறாத அன்புடன்,
மார்லா

*

எல்ம் கிரீக்
12 நவம்பர் 1962

கர்த்தர் கண்ணுக்குள்ள வச்சுக் காக்கிற மார்லாவுக்கு, அத்தை எழுதிக்கிறது. இங்க சுகம். உன் தலைவலி விட்டுச்சா?

நீ அவர்கிட்ட இதமா இருக்குன்னு சொன்னதை போதகரம்மாகிட்ட சொன்னேன். அவங்க முகத்தைப் பாக்கணுமே! "வளர்ப்புன்னா அது"ன்னாங்க. நான் அவங்களுக்குக் காப்பிய நிறைய ஊத்தினேன்.

தலைவலிக்கு வெந்நீர்ல கால வச்சுக்கிட்டு பைபிள்ல சங்கீதம் வாசி. இங்க அறுப்பு முடிஞ்சது. மாமா இப்பத்தான் முட்டி வலின்னு வாயத் திறந்து சொல்றார், மூச்சுக்கு மூச்சு சொல்றார்.

உன் நலத்துக்காகத் தினமும் முழங்கால்ல நிக்கிற,
அத்தை

*

கேல்ஸ்பர்க்
26 நவம்பர் 1962

அன்புள்ள அத்தைக்கு,

நீங்களும் மாமாவும் நலம்தானே? டெல்பர்ட் நலம். வாரத்தில் பாதி நாள் சரக்கு ரயிலோடு போய்விடுகிறார்.

இதை எப்படி எழுதுவது என்று மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். காலையில் எழுந்ததும் வாந்தி வருகிறது. தலை சுற்றுகிறது. காப்பி வாசனையே ஆகவில்லை. எந்நேரமும் தூக்கம். நன்றி கூறும் பண்டிகைக்கு ஊர் எல்லையில் இருக்கும் டெல்பர்ட்டின் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே இருந்த நான்கு நாளும் ஒன்றும் இல்லை. வான்கோழியும் பூசணிப் பலகாரமும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். "மார்லாவுக்கு வயிறா, சாக்கா?" என்று அண்ணி கேலி செய்தாள். ஞாயிறு மாலை வீடு திரும்பினோம். இன்று காலையில் மறுபடியும் அதே வாந்தி.

நாளும் தள்ளிப் போயிருக்கிறது, அத்தை. எனக்கு எப்போதுமே ஒழுங்கில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. இன்று கடையில் மஞ்சள் கம்பளி நூல் வந்தது. யாரும் பார்க்காதபோது அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.

டெல்பர்ட்டிடம்கூட இன்னும் சொல்லவில்லை. தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள்.

உங்கள்,
மார்லா

*

எல்ம் கிரீக்
3 டிசம்பர் 1962

ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்! என் தங்கமே, மார்லா, அத்தை எழுதிக்கிறது. இங்க சுகம், சுகத்துக்கு மேல சுகம்.

யார்கிட்டயும் சொல்லாதேன்னு எழுதியிருந்தே. சொல்லல. புதன்கிழமைக் கூட்டத்துல மட்டும் சொன்னேன். ஆறு வருஷமா உனக்காகக் கேட்டவங்ககிட்ட, கிடைச்சதை எப்படிடீ மறைக்கிறது? எல்லாரும் அழுதாங்க. கிளாடிஸ் கூட அழுதா. அவ அழுததாலதான் அவளுக்கு முன்னாடியே தெரியாதுன்னு தெரிஞ்சது. போதகர் ஞாயித்துக்கிழமை பேர் சொல்லாம நன்றி ஜெபம் பண்ணார், சபையே என்னைத் திரும்பிப் பாத்துச்சு.

அண்ணி வீட்ல உனக்கு ஒண்ணும் பண்ணலையேன்னு யோசிக்காதே. கூட்டம் கலகலப்புன்னா வயித்துல இருக்கிறதுக்குக் கூட சந்தோஷம். இனி அத்தை சொல்றதைக் கேளு. நூல் கடைல கால் கடுக்க நிக்காதே. வேலைய விட்டுரு. பனில நடக்காதே. வீட்டோட இரு, நல்லாப் படுத்துத் தூங்கு. ஜன்னல் பக்கம் காத்து வருதான்னு கையை வச்சுப் பாரு. வந்தா அந்த இடத்துல பழைய துணியத் திணி.

ரெண்டு உயிருக்காகவும் ஜெபிக்கிற,
அத்தை

*

கேல்ஸ்பர்க்
19 டிசம்பர் 1962

அன்புள்ள அத்தைக்கு,

மாமா நலமா? நீங்கள் நலமா? எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

நீங்கள் சொன்னபடி கடை வேலையை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு வாந்தி அதிகமாகியிருக்கிறது. பகலெல்லாம் தூங்குகிறேன், எழுந்தால் தலை பிளக்கிறது. டாக்டரிடம் போனேன். இன்னும் கொஞ்சம் நாள் போகட்டும், ஜனவரி நடுவில் வாருங்கள், சோதனை செய்து சொல்கிறேன் என்றார். டெல்பர்ட்டிடம் சொல்லிவிட்டேன். அவர் என் செருப்பை எடுத்துத் துடைத்து வைத்தார்.

ஹெட்லண்ட் ஐயாவுக்கு ஃப்ளூ காய்ச்சல். அவருக்கும் தலைவலி, வாந்தி. சூப் கொண்டுபோனேன், படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. சூப் ஆறிப்போயிருந்தது. அவருடைய நாய்க்கு என்ன ஆயிற்றோ, வீட்டுக்குள் வரவே மாட்டேன் என்கிறது. இந்தக் குளிரில் வெளி வராந்தாவில் படுத்திருக்கிறது. அவர் கழுத்தைப் பிடித்து உள்ளே இழுத்தார். எசமானனையே கடிக்கப் பார்த்தது. "கிழட்டு நாய்க்குப் பைத்தியம் பிடிச்சுருச்சும்மா, என்னை மாதிரியே" என்றார்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். டெல்பர்ட்டுக்குப் பண்டிகைக்கும் விடுப்பு இல்லை.

மார்லா

*

எல்ம் கிரீக்
3 ஜனவரி 1963

ஆண்டவர் கைல உன்னை ஒப்படைச்சுட்டு எழுதுறேன் மார்லா. உடம்பு எப்படி இருக்கு? நாங்க சுகம்தான்.

நேத்து பக்கத்து ஊர்ல ஒரு அடக்கம். வயசான புருஷன் பொண்டாட்டி, ரெண்டு பேரும் ஒரே ராத்திரில. அடக்கம் முடிஞ்சு சபை மண்டபத்துல சாப்பாடு, நான் உருளைக்கிழங்கு சாலட் பரிமாறிட்டிருந்தேன். செத்துப்போனவங்க மருமக சொன்னா: "ஒரு வாரமா ஃப்ளூன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க. தலைவலி, வாந்தி, தூக்கம். வெளிய வந்தா சரியாயிரும், உள்ள போனா மறுபடி வரும். பூனை கூட செத்துச்சு, அப்பவும் எங்களுக்குப் புரியல. அடுப்புலேர்ந்து விஷவாயு. வாசனையே கிடையாதாம்."

கரண்டியை அப்படியே வச்சுட்டு வீட்டுக்கு வந்தேன். உன் கடுதாசிங்களை எடுத்து மறுபடி வாசிச்சேன். அண்ணி வீட்ல நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருந்தே. நாய் உள்ள வரலைன்னு எழுதியிருந்தே.

ஹெட்லண்ட் வீட்டுக்குப் போன் பண்ணலாம்னு ரிசீவரை எடுத்தேன். கிளாடிஸ் மூச்சு விடுறது கேட்டுச்சு. வச்சுட்டேன். எட்டு வீடு கேக்க அந்த மனுஷன்கிட்ட, உங்க வீட்டு அடுப்பு சரியில்லைன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? போதகரம்மா முகத்துல எப்படி முழிப்பேன்?

என் பயம் பொய்யா இருக்கட்டும். வயித்துல இருக்கிறதாலதான் இதெல்லாம்னு இருக்கட்டும். ஆனா நீ அவர்கிட்ட மெதுவா, அவர் மனசு நோகாம, தொந்தரவு இல்லைன்னா அந்த அடுப்பை ஒருக்கா யாராவது பாக்கட்டும்னு சொல்லு. அதுவரைக்கும் ஒரு ஜன்னல்ல பிளாஸ்டிக்கைக் கிழிச்சுத் திறந்து வை. கடுதாசி கிடைச்ச அன்னிக்கே பதில் போடு.

அத்தை

*

எல்ம் கிரீக்
10 ஜனவரி 1963

மார்லா, எப்படி இருக்கே? பதில் வரலியே. பனி கொட்டி ரோடெல்லாம் மூடிக் கிடந்தது, தபால்காரர் இன்னிக்குத்தான் வந்தார். மின்சார பில் ஒண்ணு, விதைக் கம்பெனிப் புத்தகம் ஒண்ணு. உன் எழுத்து இல்ல. நாலு தடவை பெட்டிக்குள்ள கையை விட்டுப் பாத்தேன்.

அதுக்கு மேல என்னால ஆகல. போன் எடுத்து ஹெட்லண்ட் வீட்டு நம்பரைக் கேட்டேன். மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, யாரும் எடுக்கல. ஆபரேட்டர் பொண்ணு, "யாரும் இல்லைங்க"ன்னா. "இருக்காங்கம்மா, காய்ச்சல்ல படுத்திருக்கார், எங்க போவார்"னேன். மறுபடி அடிச்சா. எடுக்கல. அப்போ லைன்ல கிளாடிஸ் குரல்: "ஆர்டிஸ், இன்னும் என்னடி மரியாதை பாத்துட்டு நிக்கிறே? அந்த ஊர் போலீஸைக் கேளுடி! உன் பொண்ணு விஷயம் எனக்கு எல்லாம் தெரியும், அழுதுட்டு நிக்காம கேளு!" அவளே ஆபரேட்டரைக் கூப்பிட்டா. அவளே போலீஸ்காரர்கிட்டப் பேசினா. நான் முகவரி மட்டும் சொன்னேன், அதுவும் ரெண்டு தடவை தப்பாச் சொன்னேன். கதவை உடைச்சாலும் பரவால்லயான்னு கேட்டார். "உடைய்யா!"ன்னு கிளாடிஸ் கத்தினா.

போய்ப் பாத்துட்டுக் கூப்பிடுறேன்னு சொல்லியிருக்கார். லைன்ல எட்டு வீட்லயும் ஒருத்தரும் ரிசீவரைத் தொடக் கூடாதுன்னு கிளாடிஸ் உத்தரவு போட்டிருக்கா. மாமா வேலைக்குப் போகல, தொப்பியைக் கூடக் கழட்டாம கதவுகிட்ட நிக்கிறார். கை சும்மா இருந்தா பைத்தியம் பிடிச்சுரும், அதான் எழுதிட்டிருக்கேன். ஜெபம் பண்ணப் பாத்தேன். எதைக் கேக்கிறதுன்னு தெரியல. உன் வயித்துல குழந்தை இருக்கணும்னு கேட்டா அது விஷவாயுவா இருக்கக் கூடாது. அது விஷவாயு இல்லைன்னா நீ ஏன் பதில் போடல. நான் உனக்காக ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு எழுதினது எதுக்கு, மார்லா? எதைப் பாத்து நான் நன்றி சொன்னேன்?

மணி அடிக்குது. ரெண்டு நீளம், ஒரு குட்டை. எங்க வீட்டு மணிதான்

*

கேல்ஸ்பர்க்
27 ஜனவரி 1963

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். இந்த வார்த்தையை எழுதும்போது இப்போதெல்லாம் நின்று யோசிக்கிறேன். நலம்தான். டெல்பர்ட்டின் அக்கா வீட்டில் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் வைத்திருந்த ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். கைகள் கொஞ்சம் நடுங்குகின்றன. ஹெட்லண்ட் ஐயாவும் பிழைத்துவிட்டார், ஆனால் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். போலீஸ்காரர் கதவை உடைத்தபோது அவர் சமையலறைத் தரையில் கிடந்தாராம், நான் மாடியில் படுக்கையில். டெல்பர்ட் சரக்கு ரயிலோடு போயிருந்தார். அரை மணி நேரம் தாமதித்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று டாக்டர் சொன்னார். நிலவறையைப் பார்த்த தீயணைப்புக்காரர் டெல்பர்ட்டிடம் கேட்டாராம்: "கீழ மண் மூட்டை, மேல பிளாஸ்டிக். அடுப்பு எதைய்யா மூச்சு விடும்? புகை மேல போகாம வீட்டுக்குள்ளயே திரும்பியிருக்கு." ஒவ்வொரு ஆணியையும் அடித்தது டெல்பர்ட்தானே.

குழந்தை இல்லை, அத்தை. இருந்து போகவில்லை. எப்போதுமே இல்லை. டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். நானும் "பரவால்ல டாக்டர், சிரமம் குடுத்துட்டேன்" என்றேன்.

மூன்றாம் தேதி நீங்கள் எழுதிய கடிதம் வரவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பனிக்கு முன்பே வந்துவிட்டது. அன்றே வாசித்தேன். கீழே போய் ஹெட்லண்ட் ஐயாவிடம் சொன்னேன். "தொந்தரவு இல்லன்னா அடுப்பை ஒருக்கா..." என்று ஆரம்பித்தேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, "காய்ச்சல் விட்டதும் ஆளைக் கூப்பிடுறேம்மா, சரியா?" என்றார். "சரிங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றேன். எனக்கே காதில் கேட்டது, நான் அப்படிச் சொன்னது.

மேலே வந்து, நீங்கள் சொன்னபடி படுக்கையறை ஜன்னலில் பிளாஸ்டிக்கைக் கிழித்துத் திறந்தேன். குளிர்காற்று முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் தலைவலி இறங்கியது. குமட்டலும் இறங்கியது. நன்றாகத்தான் இருந்தது, அத்தை. எவ்வளவு நன்றாக இருந்ததோ, அவ்வளவு தெளிவாகப் புரிந்தது. உங்கள் கடிதம் உண்மை என்றால் என் வயிற்றில் ஒன்றுமில்லை.

நான் ஜன்னலை மூடிவிட்டேன். கிழித்த இடத்தில் துணியைத் திணித்தேன். டாக்டர் சொல்லும் நாள் வரைக்கும் மட்டும் என்று நினைத்தேன். படுத்துக்கொண்டேன். மறுபடி குமட்டல் வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

இதை டெல்பர்ட்டிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாமாவுக்கு என் அன்பு. கிளாடிஸ் அம்மாவுக்கும்.

மார்லா

*

எல்ம் கிரீக்
2 பிப்ரவரி 1963

என் மார்லாவுக்கு, அத்தை எழுதிக்கிறது. இங்க சுகம். கை நடுக்கம் குறைஞ்சுதா? தூக்கம் வருதா?

அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ்ஸுல வர்றேன். எனக்குன்னு ஒண்ணும் சமைக்காதே. நீயும் டெல்பர்ட்டும் வேற வீடு பாக்கணும்ல, நானும் கூட வந்து பாக்கிறேன். ஒவ்வொரு வீட்லயும் முதல்ல நிலவறையைத் திறந்து காட்டச் சொல்லுவேன். வீட்டுக்காரர் முகம் சுளிச்சா சுளிக்கட்டும். கேக்கிறது நான், நீ பேசாம பக்கத்துல நின்னா போதும். ஹெட்லண்ட் மேல எனக்குக் கோவம் இல்ல, அவரையும் ஆஸ்பத்திரில போய்ப் பாத்துட்டு வருவோம். ஆனா அந்த மாடிக்கு நீ திரும்பிப் போக வேணாம். போதகரம்மாகிட்ட நானே சொல்லிட்டேன்.

புதன்கிழமைக் கூட்டத்துல எந்திரிச்சு, குழந்தை இல்ல, பொண்ணு உயிரோட இருக்கான்னு சொன்னேன். கிளாடிஸ் என் கையைப் பிடிச்சவ கடைசி வரைக்கும் விடல.

உன் கடுதாசி வந்தா ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் மாமாவுக்கு வாசிச்சுக் காட்டுறது வழக்கம். இதையும் வாசிச்சேன். ஹெட்லண்ட் பிழைச்சதை வாசிச்சேன், மண் மூட்டையை வாசிச்சேன், டாக்டர் சொன்னதை வாசிச்சேன். நீ படுக்கையறை ஜன்னலைத் திறந்த இடத்துக்கு வந்ததும் தாளை மடிச்சுட்டேன்.

"அவ்ளோதானா?"ன்னார் மாமா.

"அவ்ளோதான்"னேன்.

செவ்வாய்க்கிழமை பாக்கலாம்.
அத்தை